ஒரு தகரப் பட்டையும் தண்ணீரின் மேற்பரப்பும்

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அது அசையாமல் நின்றதும் மேலே கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி, விரல் நுனியில் சோப்பைத் தடவிக்கொண்டு நடுவில் தொட்டால், பவுடர் சட்டென்று நாலாபக்கமும் ஓடி ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும். பலரும் பள்ளி நாட்களில் செய்து பார்த்த வித்தைதான். இதை எழுதும் முன் நானும் ஒருமுறை செய்து பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன், மூன்று தடவை சொதப்பியது. பவுடர் ஓடவில்லை, சோம்பலாக ஒரு விரற்கடை நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. நாலாவது தடவை தட்டை வெறும் தண்ணீரில் ஏழெட்டு முறை அலசி, உள்பக்கம் கைபடாமல் பிடித்துச் செய்தபோதுதான் ஓடியது. ஏன் என்றால், முதல் மூன்று தடவையும் நான் சோப்பைத் தொடுவதற்கு முன்பே தட்டில் சோப்பு இருந்திருக்கிறது. கழுவி வைத்தபோது ஒட்டிக்கொண்ட மிச்சம், கண்ணுக்குத் தெரியாத அளவு.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தைப் பிடித்து, நகர்த்தி, அளந்து காட்டியவர் ஆக்னஸ் பொக்கெல்ஸ். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில், பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல், வீட்டிலேயே இதைச் செய்தார். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ‘பாத்திரம் கழுவும்போது அறிவியல் கண்டுபிடித்த பெண்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் உண்மையில் செய்த வேலை அந்த இனிமைக்கு அடியில் காணாமல் போய்விடுகிறது. பாத்திரத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதை எல்லாரும்தான் பார்த்திருக்கிறார்கள். அதை எப்படி அளப்பது என்று வழி கண்டுபிடித்தவர் அவர். அந்த வழி என்ன என்று புரிந்துகொள்ள, முதலில் பரப்பு இழுவிசை என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும். நடுத் தண்ணீரில் கிடக்கும் மூலக்கூறை மேலே, கீழே, பக்கவாட்டில் என எல்லாத் திசையிலும் அக்கம்பக்கத்தார் இழுப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. மேற்பரப்பில் இருக்கிற மூலக்கூறுக்கோ மேல் பக்கம் சொந்தபந்தம் யாரும் கிடையாது, காற்றுதான். அதனால் மேற்பரப்பில் இருப்பது அதற்கு ஆற்றல் கணக்கில் நஷ்டம். நஷ்டத்தைக் குறைக்க ஒரே வழி, மேற்பரப்பில் மாட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, அதாவது மேற்பரப்பையே முடிந்தவரை சுருக்கிக்கொள்வது. சொட்டு உருண்டையாக இருப்பதும், டம்ளரில் விளிம்புக்கு மேலேயும் கொஞ்சம் தண்ணீர் வழியாமல் புடைத்து நிற்பதும் இதனால்தான். மேலே ஏதோ தோல் போர்த்தியிருப்பதாகச் சொல்லிக்கொடுப்பார்கள். தோல் என்று தனியாக ஒன்றும் இல்லை, அதுவும் தண்ணீர்தான், சுருங்கப் பார்க்கிற தண்ணீர்.

எவ்வளவு பலமாகச் சுருங்கப் பார்க்கிறது? தண்ணீரின் மேல் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒன்றையொன்று இழுக்கும் விசை, 20 டிகிரி வெப்பநிலையில், சுமார் 0.073 நியூட்டன். ஏறக்குறைய ஏழு கிராம் எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பூச்சிக்கு அது போதும், பவுடர் துகளுக்குத் தாராளம்.

இப்போது சோப்பு, எண்ணெய், கொழுப்பு அமிலம் மாதிரியான ஆட்கள் உள்ளே வருகிறார்கள். இவற்றின் மூலக்கூறுக்குத் தண்ணீர் பிடித்த தலை ஒன்றும், தண்ணீரே பிடிக்காத நீண்ட வால் ஒன்றும் உண்டு (எண்ணெய் மூலக்கூறுக்கு வால் மூன்று, விஷயம் அதேதான்). தலை தண்ணீரைத் தொட்டுக்கொண்டும் வால் காற்றில் நீட்டிக்கொண்டும் இருக்க ஏற்ற இடம் மேற்பரப்பு ஒன்றுதான், அங்கே போய்க் குடியேறிவிடும். அவை நெருக்கமாகக் கூடினால் தண்ணீரின் சுருங்கும் வேகம் தணிகிறது, பரப்பு இழுவிசை குறைகிறது. தட்டின் நடுவில் சோப்பு தொட்ட இடத்தில் இழுப்பு குறைந்தது, ஓரத்தில் பழைய இழுப்பு அப்படியே இருந்தது, பலமான பக்கம் பவுடரை வாரிக்கொண்டு போனது. அவ்வளவுதான் அந்த வித்தை.

எண்ணெய் எவ்வளவு மெல்லியதாகப் பரவும் என்பதில் பழைய கதை ஒன்று உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் கிளாப்ஹம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கும் மிகாத எண்ணெயை ஊற்ற, அது பரவிப் பரவி ஏறக்குறைய அரை ஏக்கர் குளத்தைக் கண்ணாடி மாதிரி அலையில்லாமல் ஆக்கியதாக 1774-இல் எழுதினார். தேக்கரண்டியை 4 மில்லிலிட்டர், அரை ஏக்கரை 2000 சதுர மீட்டர் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், எண்ணெயின் தடிமன் 2 நானோமீட்டர் வருகிறது. ஒரு மூலக்கூறின் நீளம் அளவுக்கு! ஃபிராங்க்ளின் அந்த வகுத்தலைச் செய்யவில்லை. நூறு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் ரேலி பிரபு தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் விட்டால் மேலே போட்ட கற்பூரத் துண்டு ஆடாமல் நிற்கும் என்று பார்த்து, 1890-இல் கிட்டத்தட்ட அதே மாதிரி எண்ணுக்கு வந்து சேர்ந்தார். (சுத்தமான தண்ணீரில் கற்பூரத் துண்டு பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றும். மேலே எண்ணெய்ப் படலம் போதுமான அளவு இருந்தால் அப்படியே கிடக்கும்.)

ரேலி பெரிய பெயர், சொந்த ஆய்வுக்கூடம், பின்னால் 1904-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அவர் கற்பூரத்தோடு மல்லாடுவதற்கு எட்டு வருஷம் முன்பே பிரவுன்ஷ்வைக்கில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இதைவிட நல்ல கருவி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆக்னஸ் பிறந்தது 1862 பிப்ரவரி 14, வெனிஸில். அப்போது அந்த ஊர் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது, அப்பா ஆஸ்திரியப் படையில் வேலை பார்த்தார். மலேரியாவால் அவர் உடம்பு கெட்டுப் போக, 1871-இல் குடும்பம் பிரவுன்ஷ்வைக்குக்கு வந்துவிட்டது. ஆக்னஸ் அங்கே பெண்கள் பள்ளியில் படித்தார், இயற்பியல் மேல் ஆசை. மேலே படிக்க வழியில்லை, ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொள்ளாத காலம். முறைப்படி கதவு திறந்தது பாடன் மாநிலத்தில் 1900-இல், பிரஷ்யா மாநிலத்தில் 1908-இல். பாடனில் திறந்தபோதே அவருக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது, வீட்டில் நோயாளிகளாகிவிட்ட பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர் தலையில். மூன்று வயது இளைய தம்பி ஃபிரீட்ரிக் மட்டும் கோட்டிங்கன் போய் இயற்பியல் படித்தான். அந்தத் தம்பியின் பாடப்புத்தகங்கள்தான் அக்காவுக்குப் பல்கலைக்கழகம். தம்பியும் லேசுப்பட்ட ஆள் இல்லை, மின்புலத்தால் படிகத்தில் ஒளியின் போக்கு மாறும் ‘பொக்கெல்ஸ் விளைவு’ அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்றைக்கு இயற்பியல் மாணவரிடம் பொக்கெல்ஸ் என்றால் தம்பிதான் நினைவுக்கு வருவார்.

கொழுப்பு மிதக்கும் பாத்திரத் தண்ணீர்தான் ஆக்னஸின் கவனத்தை முதலில் இழுத்தது என்று தம்பி மனைவி பிற்பாடு எழுதியிருக்கிறார். சரி, இருக்கட்டும். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

1882 வாக்கில் அவர் செய்த கருவி இது: 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரமுள்ள ஒரு தகரத் தொட்டி. அதன் குறுக்கே வைக்க, ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு தகரப் பட்டை. தொட்டியை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, பட்டையைக் குறுக்கே வைத்து, முன்னும் பின்னும் தள்ளுவார். வேறு ஒன்றுமில்லை.

ஏன் விளிம்பு வரை? இங்கேதான் சாமர்த்தியம். தளும்பத் தளும்ப ஊற்றினால் தண்ணீர் விளிம்புக்கு மேலே கொஞ்சம் புடைத்து நிற்கும் என்று சொன்னேன் இல்லையா, அதனால் விளிம்புகளின் மேல் உட்காரும் பட்டையின் அடிப்பக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீரைத் தொட்டுவிடுகிறது. தொட்டதும் மேற்பரப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அடியில் தண்ணீர் ஒன்றாகத்தான் இருக்கிறது, தாராளமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறது, ஆனால் மேலே மிதக்கிற எண்ணெய் மூலக்கூறுகள் பட்டையைத் தாண்ட முடியாது. பட்டையை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்க மேற்பரப்பு சிறுக்கிறது, அங்கே இருந்தவை எல்லாம் நெருக்கியடித்துக்கொள்கின்றன. வலப்பக்கம் இழுத்தால் ஆசுவாசமாகப் பரவிக்கொள்கின்றன. எண்ணெயின் அளவை மாற்றாமல் அது குடியிருக்கும் இடத்தின் பரப்பை மட்டும் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. ரேலி ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, ஆக்னஸ் பட்டையை நகர்த்தினால் போதும்.

இரண்டாவது பலன் இன்னும் பெரிது என்பேன். பட்டையைத் தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரு இழு இழுத்தால், மேலே கிடக்கிற அழுக்கெல்லாம் அதன் முன்னால் ஒதுங்கிவிடும், பின்னால் புத்தம்புது மேற்பரப்பு கிடைக்கும். என் தட்டு மூன்று தடவை காலை வாரியது நினைவிருக்கிறதா? பரப்பு இழுவிசையை அளந்தவர்களுக்கெல்லாம் அதுதான் தலைவலி, இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு வேறு எண். விரல் பட்டால் அழுக்கு, தூசி விழுந்தால் அழுக்கு. எவ்வளவு சிறிய அளவு போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தொட்டியின் பரப்பு 350 சதுர செ.மீ., அதை முழுக்க ஒரே அடுக்காக மூட ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சுமார் 0.08 மில்லிகிராம் போதும். ஒரு மில்லிகிராமைப் பன்னிரண்டு பங்கு போட்டு ஒரு பங்கு! கையில் இருக்கும் பிசுக்கே அவ்வளவு தேறும். மேற்பரப்பைத் துடைக்கத் தெரியாதவர் எதை அளந்தாலும் தன் கை அழுக்கைத்தான் அளந்துகொண்டிருப்பார்.

அளப்பதற்கு ஒரு தராசு. அதன் ஒரு கையிலிருந்து சட்டைப் பொத்தான் மாதிரி 6 மி.மீ. விட்டமுள்ள சின்ன வட்டத் தகடு தொங்கும், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தண்ணீர் அதை விடாமல் பிடித்திருக்கும், பிய்த்து எடுக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து பரப்பு இழுவிசை தெரியும். பட்டையைக் கொஞ்சம் நகர்த்து, பிய்த்துப் பார், எழுதி வை. மறுபடி நகர்த்து. வீட்டு வேலைகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் இப்படி வருஷக்கணக்காகச் செய்திருக்கிறார்.

அவர் கண்டது இதுதான். மேற்பரப்பில் கொஞ்சம் எண்ணெய் இருக்கும்போது பட்டையைத் தள்ளிக்கொண்டே போனால், முதலில் ஒன்றுமே நடப்பதில்லை. தண்ணீர் சுத்தமாக இருப்பது போலவே தராசு காட்டுகிறது. பரப்பு பாதியானாலும் அதே எண். பிறகு ஓர் இடம் வந்ததும் இழுவிசை திடீரென்று சரியத் தொடங்குகிறது, அதற்குப் பிறகு பட்டையைச் சிறிது நகர்த்தினாலும் எண் நிறைய இறங்குகிறது. படம் வரைந்தால் நேர்கோடு ஒன்று போய்க்கொண்டிருந்து சட்டென்று முழங்கால் மடக்கிய மாதிரி கீழே இறங்கும்.

ஏன் மடங்க வேண்டும்? ஒரு பெரிய மண்டபத்தில் ஐம்பது பேர் நடமாடுகிறார்கள், ஒரு பக்கச் சுவர் மெல்ல நகர்ந்து உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் தாராளமாக இருக்கும் வரை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள், சுவரைத் தள்ளுகிறவருக்கும் எதிர்ப்பே தெரியாது. எள் விழ இடமில்லை என்ற நிலை வந்த கணத்தில் தோளோடு தோள் இடித்து எல்லாரும் சேர்ந்து சுவரைத் திருப்பித் தள்ளுவார்கள். தண்ணீரின் மேல் மூலக்கூறுகள் செய்வதும் அதுவே. அந்த முழங்கால் என்பது மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டு, ஒரே ஒரு அடுக்காக, இடைவெளி இல்லாமல் அடுக்கிக்கொண்ட கணம். 1899-இல் ரேலி அதற்கு இந்த விளக்கத்தைக் கொடுத்தார். இன்று அந்த இடத்துக்குப் ‘பொக்கெல்ஸ் புள்ளி’ என்றே பெயர் உண்டு.

அப்படியானால், எத்தனை மூலக்கூறு விட்டோம் என்று தெரிந்து, முழங்கால் எந்தப் பரப்பில் வருகிறது என்றும் தெரிந்தால், ஒன்றை ஒன்றால் வகுத்து ஒரு மூலக்கூறு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று சொல்லிவிடலாம். கொழுப்பு அமிலங்களுக்கு அது சுமார் 0.2 சதுர நானோமீட்டர். ஒரு சதுர செ.மீ.யில் 500 லட்சம் கோடி மூலக்கூறு நிற்கும். நுண்ணோக்கியால் பார்க்க முடியாத ஒன்றின் அளவைத் தகரத் தொட்டியும் தராசும் சொல்கின்றன. அணு, மூலக்கூறு எல்லாம் உண்மையிலேயே இருக்கிறதா, கணக்குக்காக வைத்துக்கொண்ட கற்பனையா என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏறக்குறைய எட்டு ஒன்பது வருஷம் இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. ரேலியும் இதே விஷயத்தில் வேலை செய்கிறார் என்று படித்துத் தெரிந்துகொண்டு, 1891 ஜனவரியில் ஆக்னஸ் அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். அறிவியல் இதழ்களில் வெளியிடும் நிலையில் தான் இல்லை, உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன் என்ற தோரணையில், கருவி என்ன, என்ன அளந்தேன் என்று விவரமாக. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கடிதத்தை மூலையில் போட்டுவிடுவது ரேலிக்கு எளிது. சத்தமில்லாமல் தன் கட்டுரையில் சேர்த்துக்கொள்வது அதைவிட எளிது. இரண்டையும் அவர் செய்யவில்லை. கடிதத்தை அவர் மனைவி மொழிபெயர்த்தார், அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி இடம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார், 1891 மார்ச் 12 இதழில் ஆக்னஸின் பெயரிலேயே வந்தது. ரேலியின் அறிமுகக் குறிப்பில், வெகு சாதாரண வீட்டு உபகரணங்களைக் கொண்டே இந்தப் பெண்மணி மதிப்புள்ள முடிவுகளை எட்டியிருக்கிறார் என்ற பொருளில் ஒரு வரி உண்டு.

அதன்பின் தொடர்ந்து எழுதினார், நேச்சரில் இன்னும் சில, பிறகு ஜெர்மன் இதழ்களில். கொழுப்பைப் பென்சீனில் கரைத்து அந்தக் கரைசலைத் தண்ணீரில் சொட்டுவிட்டால், பென்சீன் ஆவியாகிப் போய்க் கொழுப்பு மட்டும் மேலே தங்கும் என்ற உத்தி அவருடையது. 0.08 மில்லிகிராமை நேரடியாக எடைபோட்டுப் போட முடியாது, ஆனால் நீர்த்த கரைசலாக்கிச் சொட்டு எண்ணி விடலாம். எளிய உத்தி, ஆனால் இது இல்லாமல் மேலே சொன்ன வகுத்தல் கணக்கு எதுவுமே நடக்காது.

பிறகு வேகம் குறைந்தது. பெற்றோரின் நோய் நேரத்தை எல்லாம் தின்றது, 1913-இல் தம்பி இறந்தார், அடுத்த வருஷம் போர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இர்விங் லாங்மியூர் அதே தொட்டி யோசனையை எடுத்துக்கொண்டு, பட்டை மீது விழும் விசையை நேரடியாக அளக்கும்படி மேம்படுத்தி 1917-இல் பெரிய கட்டுரை எழுதினார். அவருடைய கருவி துல்லியமானது, மூலக்கூறுகள் தலைகீழாக நிற்கின்றன என்று தெளிவாகச் சொன்னதும் அவர்தான், பெருமை அவருக்கும் சேர வேண்டியதே. ஆனால் கருவிக்குப் பெயர் ‘லாங்மியூர் தொட்டி’ என்று நிலைத்துவிட்டது. அவருடன் வேலை செய்த கேதரின் பிளாட்ஜெட் இந்த ஒற்றை அடுக்குகளைக் கண்ணாடி மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒளி பிரதிபலிக்காத கண்ணாடியை 1938-இல் செய்து காட்டினார், அது தனியாகவே எழுத வேண்டிய கதை.

தொட்டி எங்கெங்கோ போனது. 1925-இல் ஹாலந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து இப்படி ஒரு தொட்டியில் பரப்பிப் பார்த்தார்கள். அது அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. ஆக, செல்லின் சவ்வு இரட்டை அடுக்கு என்று முடிவு கட்டினார்கள். 1950-களில் நுரையீரலுக்கு வந்தார்கள். நுரையீரலின் குட்டிக் காற்றுப் பைகளின் உள்பக்கம் ஈரம் இருக்கிறது, ஈரம் இருந்தால் பரப்பு இழுவிசையும் உண்டு, அது பைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். மூடாமல் காப்பது நுரையீரல் தானே சுரக்கும் கொழுப்புப் படலம். ஜான் கிளெமென்ட்ஸ் 1957-இல் தொட்டியில் பரப்பைக் கூட்டிக் குறைத்து அதை நிரூபித்தார். குறைமாதக் குழந்தைகள் சிலர் பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் தவிப்பது அந்தப் படலம் போதாததால் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். இப்போது அந்தப் பொருளையே மருந்தாகக் குழந்தையின் மூச்சுக்குழாயில் செலுத்துகிறார்கள்.

1931-இல் ஜெர்மனியின் கூழ்ம வேதியியல் சங்கம் ஆக்னஸுக்கும் பிரான்ஸின் ஆன்ரி தெவோவுக்கும் சேர்த்து ஒரு பரிசு கொடுத்தது. 1932-இல் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு 70 வயது. லாங்மியூருக்கு மேற்பரப்பு வேதியியலுக்காக நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருஷம்தான். 1935 நவம்பர் 21-இல் ஆக்னஸ் அதே ஊரில் இறந்தார்.

இன்றைய ஆய்வுக்கூடத் தொட்டி டெஃப்லானால் ஆனது, பட்டையை மோட்டார் தள்ளுகிறது, கணினி கோடு வரைகிறது. ஆனாலும் எதையும் அளக்கும் முன் செய்கிற முதல் வேலை மாறவில்லை. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, பட்டையை ஒருமுறை ஓட்டி, ஒதுங்கிய மேற்பரப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, பட்டையை மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். கோடு கொஞ்சம் வளைந்தாலும், திரும்பவும் முதலிலிருந்து.